எத்தீமுக்குத் தேவை விடுதியா, வீடா?



நம் ஊர்களில் குடும்பத் தலைவர் ஒருவர் மவுத்தாகிவிட்டால், அவர் மனைவியின் இத்தா முடிவதற்குள்ளாகவே பிள்ளைகளை எந்த எத்தீம்கானாவில் சேர்ப்பது என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. பேசுவோர் ஜமாஅத் நிர்வாகிகள். பெற்றவளிடம் கருத்துக் கேட்பதில்லை. பாட்டனாரையும் தாய்மாமனையும் அழைப்பதில்லை. இதற்கு நாம் உதவி என்று பெயர் சூட்டியிருக்கிறோம்!

தந்தையை இழந்த, பருவமடையாத பிள்ளையே ஷரீஅத்தில் எத்தீம். தாய் உயிரோடிருக்கும் பிள்ளையையும் நாம் விடுதிக்கு அனுப்புகிறோம். அவளிடம் இல்லாதது வாடகைப் பணம்தான். பாசம் குறைவின்றி இருக்கிறது. நம் நபி (ஸல்) அவர்கள் ஆறு வயதில் அன்னையையும் இழந்தபோது, பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப்பின் பெரிய தந்தை அபூதாலிபும் தத்தம் இல்லத்தில் வளர்த்தனர். அபூதாலிப் செல்வந்தரும் அல்லர்.

எத்தீம்களின் சொத்தைப் பற்றிய எச்சரிக்கை இறங்கியபோது, ஸஹாபாக்கள் அஞ்சி அவர்களின் உணவைத் தனியே பிரித்து வைத்தனர். அப்போது இறங்கிய அல்பகரா 220ஆம் வசனம், அவர்களைச் சகோதரர்களாகக் கலந்து வாழச் செய்ய அனுமதித்தது. அல்லாஹ் சேர்த்து வைத்தவர்களை நாம் ஏன் பிரிக்கிறோம்?

நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க எத்தனை ஜமாஅத்துகள் துணை நின்றன?

"பணத்தைக் கொடுத்தால் உறவினர் தின்றுவிடுவர்" என்பார்கள். அன்னிஸா 6ஆம் வசனம் எத்தீமின் சொத்தை ஒப்படைக்கையில் சாட்சி வைக்கச் சொல்கிறது. அச்சத்துக்கு மருந்து கணக்கும் சாட்சியுமே.

ஆகவே பைத்துல்மால் பொறுப்பாளர், இமாம், பள்ளி ஆசிரியர், ஆலிமா ஒருவர், இருதரப்பு உறவினர் ஆகியோர் தாயுடன் கலந்து மஷூரா செய்ய வேண்டும். முதலில் தாய் பேசட்டும். வாடகை யார் பொறுப்பு, கல்விக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை எழுதி வைத்து, மூன்று மாதத்திற்கொருமுறை கூடி ஆராய வேண்டும். உறவே இல்லாத, அல்லது வீட்டில் பாதுகாப்பற்ற பிள்ளைக்கு எத்தீம்கானா அவசியமே. மற்றப் பிள்ளைகளைத் தாயின் மடியிலிருந்து பறிக்க நமக்கு உரிமை கிடையாது.

இந்த ரமளானில் ஜகாத் கணக்கிடும் பெருமக்களே, கட்டட நிதிக்கு முன் உங்கள் மஹல்லாவின் எத்தீம்களை எண்ணிப் பாருங்கள். இவ்வமானிதத்தை நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.