பெட்டி வேண்டாம், ஐந்து கருவிகள் போதும்

கிராண்ட்பாஸ்வாசிகள் வீட்டுக்குக் கைக்கருவி வாங்கப் பழைய சோனகத் தெருவுக்கும் குவாரி வீதிக்கும் போவது வழக்கம். அங்கே முதலில் கண்ணைப் பறிப்பது, நூறு உருப்படிகள் அடங்கிய மலிவான பிளாஸ்டிக் பெட்டி.

அதை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. அதில் பாதி வீட்டுக்கு ஒருபோதும் பயன்படாது. பயன்படக்கூடிய திருப்புளியோ பெரும்பாலும் மென்மையான உருக்கினால் ஆனது. முனை மழுங்கியதும் திருகாணியின் தலையையும் சிதைத்துவிடும். பிறகு பத்து நிமிட வேலைக்குத் தச்சரையோ பிளம்பரையோ தேடி அலைய வேண்டும்.

தொடர்மாடி வீடொன்றுக்கு ஐந்து வகை போதும்: ஏறத்தாழ 450 கிராம் எடையில் ஆணி பிடுங்கும் சுத்தியல், தட்டை, நட்சத்திர முனைத் திருப்புளிகள், குறடு, வாய் அகலத்தை மாற்றக்கூடிய 8 அங்குல ஸ்பேனர், 5 மீற்றர் அளவுநாடா. திருப்புளியிலும் குறட்டிலும் 1000 வோல்ட் காப்புக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். இலங்கை வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். குறியீடு இருந்தாலும், பிரதான ஆளியை நிறுத்தாமல் மின்சாரத்தில் கை வைக்கலாகாது.

2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள்களை நம்பிய வீடுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். மலிவானதை இருமுறை வாங்குவது வறிய வீட்டுக்கே பெருஞ்செலவு. மாதத்துக்கு ஒன்றாக வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள். தேய்ந்த குழாய் வொஷரை நாமே மாற்றினால் ஒரு கூலி மிஞ்சும். வருமானம் சுருங்கிய குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.