சட்டம் மட்டும் போதுமா?

பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்தில், மொர்லே நகரில் 16ஆம் நூற்றாண்டின் ‘டச்சஸ் ஆன்’ மர வீடு இன்றும் நிற்கிறது. அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னம். ஆனால், சட்டம் மட்டும் மர வீட்டைக் காப்பாற்றாது. அறிவியலும் வேண்டும் என்பேன்.

இத்தகைய வீடுகளின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் ஓக் மரச் சட்டகம். சாய்வு மரங்கள் முக்கோணங்களாக அமைவதால் அது எளிதில் சாயாது. இடைவெளிகளைப் பல வீடுகளில் களிமண்ணும் வைக்கோலும் கலந்த சாந்து நிரப்புகிறது. அது ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளியேற்றும்.

“சுவர் விரிந்தால் சிமெண்டு பூசலாமே, ஐயா” என்பீர்கள். பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். பூஞ்சை வளர்ந்து மரம் மக்கும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியேற விடும்.

மாணவர்களே, கடினமானது எல்லாம் காப்பாற்றாது. பொருளின் தன்மையை அறிந்த பிறகே பழுதுபார்க்க வேண்டும்.