விடியலின் நிறம் காகிதத்தில் ஏன் மங்குகிறது?

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணி வழியாக ஏறுவோர் தவறாமல் பிடித்துவரும் படம் உச்சியின் சூரிய உதயம். போனில் தகதகக்கும் அந்தச் செம்மஞ்சள், அச்சானதும் மங்கிப்போகிறது. பழி பிரின்டர்மீது விழுகிறது. குற்றத்தில் பாதியாவது கணினி அமைப்பில் இருக்கிறது என்பேன். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கி நிறம் தருகிறது. ஒன்றை மற்றொன்றுக்குக் கணக்கிட்டு மாற்ற உதவுவது கலர் புரொஃபைல். 1993இல் உருவான சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு அதற்குப் பொது வடிவம் வகுத்தது. கண்ணால் பார்த்துச் சரிசெய்தால் போதாதா என்பார்கள். பார்க்கும் திரையே நீலம் பாய்ந்திருந்தால் கண் என்ன செய்யும்? நிறம் அளக்கும் கருவியின் விலை அதிகம் என்பது நியாயமான வாதம். ஆனால் காகித நிறுவனங்கள் பல தங்கள் காகிதத்துக்கான புரொஃபைலை இலவசமாகவே தருகின்றன. படத்தை அச்சுக்கு அனுப்பும் மென்பொருள், பிரின்டர் டிரைவர் இரண்டில் ஒன்றை மட்டும் நிறம் திருத்தவிட வேண்டும். இரண்டும் கைவைத்தால் செம்மஞ்சள் மட்டுமல்ல, படத்தில் உள்ள தேயிலைப் பச்சையும் கெடும் (இந்தத் தவறுதான் அடிக்கடி நடப்பது). மைக்கு எட்டாத செம்மஞ்சளை எந்தப் புரொஃபைலும் வரவழைக்காது, உண்மை. ஆனால் எவ்வளவு மங்கும் என்பதை அச்சிடுமுன் திரையிலேயே ஓரளவு காட்டிவிடும். அச்சுக்கடைக்காரர் காசு வாங்குமுன் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லலாம்.