எத்தனை வருஷத்துக்கு பால்புட்டி?

ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டு இருந்த விஷயம். எழுதினா நம்ம சபை ஆளுங்களே சண்டைக்கு வருவாங்கன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். போன மாசம் வெள்ளிமலைப் பக்கம் போய் வந்த பிறகு தள்ளிப் போட முடியல. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிக்கலாம். இது மதமாற்றச் சண்டை இல்லை, எங்க வீட்டுச் சண்டை.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறும் ஊழியக் குழு ஒன்றோடு நானும் தொத்திக்கிட்டேன். பேரெல்லாம் வேணாம். ஜீப், ஸ்பீக்கர், கீபோர்டு, பிரியாணிப் பொட்டலம், போட்டோ எடுக்க ஒரு தம்பி. ஊருக்குள்ள போனதும் ஒரு பாட்டி ஓடி வந்து பாஸ்டர் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஞானஸ்நானம் எடுத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். பேரனுக்கு ஒரு வாரமா காய்ச்சல். "நீங்க ஜெபிக்கலையா பாட்டி?"ன்னு கேட்டேன். "நான் ஜெபிச்சா சாமி கேக்குமாய்யா? ஐயரு வந்தாத்தான் கேக்கும்"னாங்க. கூட வந்தவங்க எல்லாரும் "எவ்வளவு விசுவாசம் பாருங்க"ன்னு உருகிப் போய்ட்டாங்க. எனக்கு வயித்தக் கலக்குச்சு.

இது விசுவாசமா? இருபது வருஷம் ஊழியம் செஞ்சு, ஒரு கிழவிக்கு தன் கடவுள்கிட்ட நேராப் பேசலாம்ங்கிற ஒத்தை விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கல. அதுக்கு நாம வெக்கப்படணும். நாம என்னடான்னா சாட்சியா பத்திரிகையில போடுறோம்.

எபேசியர் 4-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. மேய்ப்பர், போதகர், சுவிசேஷகர்னு கடவுள் ஆட்களைக் கொடுத்தது எதுக்குன்னு பவுல் எழுதுறார்? விசுவாசிகளைத் தயார்ப்படுத்தி, அவங்களே ஊழியம் செய்யவும், பிள்ளைத்தனம் போய் வளர்ந்த ஆட்களா ஆகவும்தான். அதாவது போதகர் வேலையே தன் தேவையைக் குறைச்சுக்கிறது. எபிரெயர் 5-ல இன்னும் காட்டமாவே இருக்கு: இந்நேரம் நீங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும், இன்னும் பால் கேக்குறீங்களேன்னு திட்டு. நம்ம ஆட்கள் பாலை நிறுத்துறதே இல்லை. நிறுத்தினா புட்டியைப் புடிச்சிருக்கிற கைக்கு வேலை போயிடுமே!

உடனே ஒரு பதில் வரும். "தம்பி, மலை ஜனங்க. படிப்பறிவு இல்லை. பொறுப்புக் கொடுத்தா தாங்க மாட்டாங்க." இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. யாரைப் பத்தி சொல்றீங்க? மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஊர்க்கவுண்டர், மூப்பன்னு தலைமுறை தலைமுறையா சொந்த நிர்வாகம் உண்டு. வயல் தகராறு, கல்யாணப் பிரச்சினை, திருவிழா, அபராதம் எல்லாம் அவங்களே உக்காந்து பேசி முடிப்பாங்க. ஊரையே நடத்தத் தெரிஞ்ச ஆளுக்கு முப்பது பேர் இருக்கிற சபையில மூப்பரா இருக்கத் தெரியாதா? பவுலைப் பாருங்க. லீஸ்திரா, இக்கோனியாவில சபை உண்டாக்கிட்டு, அதே பயணத்துல திரும்பி வரும்போதே உள்ளூர் ஆட்களை மூப்பர்களா வெச்சுட்டுப் போயிட்டார் (அப்போஸ்தலர் 14). தெசலோனிக்கேயில அவர் இருந்தது கொஞ்ச நாள்தான், ஆனா அந்தச் சபை நின்னுச்சு. சீனாவில மிஷனரியா இருந்த ரோலண்ட் ஆலன், 1912-லயே இதை ஒரு புத்தகமா எழுதி மிஷன்காரங்க வயித்தெரிச்சலைக் கட்டிக்கிட்டார். அவருக்கு முன்னாடி சி.எம்.எஸ். செயலாளரா 1841-லிருந்து 1872 வரைக்கும் இருந்த ஹென்றி வென்னும் இதையேதான் சொன்னார்: சபை தன்னைத் தானே ஆளணும், தன் செலவைத் தானே பாக்கணும், தானே பரவணும், மிஷன் மெல்ல நகர்ந்து போயிடணும்.

"நம்ம ஊருக்கு அது சரிப்படாது"ன்னு சொல்றவங்களுக்குத் திருநெல்வேலி இருக்கு. பாளையங்கோட்டையில குளோரிந்தா கோயில் கட்டினது 1785. அஞ்சே வருஷத்துல, 1790-ல, சத்தியநாதன்ங்கிற தமிழர் குருப்பட்டம் வாங்கி அந்தப் பக்கம் பொறுப்புக்கு வந்துட்டார். 1903-ல அதே திருநெல்வேலி ஜனங்க சொந்தக் காசுல, சொந்த நிர்வாகத்துல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்க. நூத்திச் சொச்சம் வருஷம் ஆச்சேன்னு கேப்பீங்க. ஆச்சு. ஆனா விதை முதல் அஞ்சு வருஷத்துலயே போட்டாச்சு. அப்படி வளர்ந்த தெற்கத்திக்காரங்க பிள்ளைகள்ல சிலர்தான் இன்னிக்கு மலைக்கு வந்து, "இவங்க இன்னும் தயாராகலை"ங்கிறாங்க. சத்தியநாதனைப் பாத்து ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தா உங்க தாத்தா கதி என்னங்க?

இன்னொண்ணு சொல்லணும், கோபம் வரும், வரட்டும். கல்வராயன் மலை காலங்காலமா சடையக்கவுண்டர், குரும்பக்கவுண்டர், ஆரியக்கவுண்டர்னு மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்துச்சு. ஜனங்க அவங்களுக்குக் கூலியில்லாம உழைச்சாங்க. 1976-லதான் அந்தப் பிடி விட்டுச்சு. சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழிச்சு! மேல ஒருத்தர் இருப்பார், அவர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நிக்கணும்னு பழக்கப்படுத்தப்பட்ட ஜனங்களுக்கு, சுவிசேஷம் முதல்ல உடைக்க வேண்டியது அந்தக் குனிஞ்ச முதுகைத்தான். நாம அதே முதுகு மேல ஏறி உக்காந்துக்கிட்டு "என் சபை, என் ஜனங்க, என் பீல்டு"ங்கிறோம். ஜாகிர் ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன், ஜீப்ல வந்து இறங்குது.

முதிர்ச்சின்னா அந்நிய பாஷையும் தரிசனமும் இல்லை. நல்லது கெட்டதைப் பழகிப் பழகிப் பகுத்தறியத் தெரியுறதுன்னு அதே எபிரெயர் 5 சொல்லுது. மலையில அதுக்குப் பரீட்சை வேற மாதிரி. மழை இல்லேன்னா ஆம்பளைங்க வெளியூர் கூலி வேலைக்குப் போயிடுவாங்க, மாசக்கணக்குல. அங்க பாஸ்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை. செம்மரம் வெட்ட ஆள் புடிக்கிற தரகர் கைநிறைய முன்பணம் காட்டுவான். 2015 ஏப்ரல் 7-ல சேஷாசலம் காட்டுல தமிழ்நாட்டுக்காரங்க 20 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அதுக்கப்புறமும் ஆசை காட்டுறவன் இருக்கான். தரகர் வர்றது ராத்திரியில. பாஸ்டர் வர்றது ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி வேணாம்னு சொல்ற தெம்பு அந்த ஆளுக்குள்ள இல்லேன்னா, ஞாயிறு பிரசங்கம் எதுக்கு?

2024 ஜூன்ல எங்க ஊர் கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவங்களைக் கொண்டு போச்சு. அந்த வாரம் ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அரிசி கொடுத்தோம், ஜெபம் பண்ணினோம், நல்லதுதான். ஆனா அதுக்கு முந்தின வருஷங்கள்ல, குடிக்கிற பக்கத்து வீட்டுக்காரனோட திண்ணையில உக்காந்து பேச எத்தனை விசுவாசிகளை நாம பழக்கியிருந்தோம்? எல்லாத்துக்கும் "கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க, பாஸ்டர் கை வைப்பார்". இதுல எனக்கும் பங்கு உண்டு. நானும் நோட்டீஸ் கொடுத்தவன்தான்.

நல்ல ஊழியக்காரங்களே இல்லையான்னா, இருக்காங்க. மலையிலயே குடியிருந்து, மரவள்ளிக் கிழங்கு தின்னுக்கிட்டு, ராத்திரி லைட் வெளிச்சத்துல எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். அவங்களுக்குப் போஸ்டர் இல்லை, யூடியூப் சேனல் இல்லை. ஜெபக்குறிப்புல பேரும் வராது.

அந்தப் பாட்டி கதைக்கு வர்றேன். கிளம்பும்போது தனியா கூப்பிட்டு, "பேரன் பேரைச் சொல்லி நீங்களே கேளுங்க பாட்டி, உங்க பேச்சுலயே"ன்னேன். பயந்து பயந்து ரெண்டே வரி கேட்டாங்க. அதுக்குள்ள ஜீப்ல ஹாரன் அடிச்சுட்டாங்க. வர்ற வழியில, "நீ எதுக்கு தம்பி குழப்பம் பண்றே?"ன்னு எனக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம். அடுத்த டிரிப்புக்கு என்னைக் கூப்பிடலை. பஸ்லயே போய்க்கிறேன்.