நால்வர் குழு, ஒருவர் உழைப்பு

"நாலு நாலு பேரா உட்காருங்க" என்று ஆங்கில ஆசிரியர் சொன்னதும் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்கும். ஐந்தே நிமிடத்தில் வேலை பிரிந்துவிடும். நன்றாகப் படிக்கும் பெண் எழுதுவாள். ஒருவன் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்புக்கு அடிக்கோடு போடுவான். மற்ற இருவர் நேற்றைய கிரிக்கெட்டை நல்ல தமிழில் அலசுவார்கள். கடைசியில் சார்ட்டில் நான்கு பெயர், நால்வருக்கும் ஒரே மதிப்பெண்.

குழுவேலை என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்களைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டால், "கூச்சம் சார்" என்பார்கள். கூச்சம் உண்டுதான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள். சரியாகப் பேசினால் "பீட்டர் விடுறான்" என்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் எரிச்சல் கூச்சத்தால் வந்ததல்ல. மூன்று பேர் வேலையும் அவள் தலையில் விழுந்ததால் வந்தது. அது நியாயமான எரிச்சல்.

குழுவேலையை நம்பாத ஆங்கிலக் கற்பித்தல் அறிஞரும் உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலப் பாடமுறை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இலக்கண விதிகளை ஒப்பிக்கச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து விடை கண்டுபிடிக்க வைத்தார். இவ்வளவு புதுமை செய்தவர், குழுவாக உட்கார வைப்பதை மட்டும் தவிர்த்தார். ஒருவர் பிழையை இன்னொருவர் கற்றுக்கொண்டுவிடுவார் என்பது அவர் அச்சம். பக்கத்திலிருப்பவரிடம் தாமாகவே கேட்டுக்கொள்ளத் தடையில்லை.

அந்த அச்சம் சற்று மிகை. மொழி கற்றலை ஆராய்ந்த மைக்கேல் லாங், பாட்ரிஷியா போர்ட்டர் இருவரும் 1985இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கற்பவர்கள் தங்களுக்குள் பேசுவதால் பிழை பெருகுவதில்லை, பேசும் வாய்ப்புதான் கூடுகிறது என்றார்கள். வாய்ப்பு கூடும், நால்வரும் பேசினால்! தேர்வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டே நடப்பவர்கள் எந்தத் திருவிழாவிலும் உண்டு.

நால்வரையும் பேச வைக்க ஒரு வழியை உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் காட்டினார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு மட்டும் கொடுப்பது. கருப்பின, வெள்ளையின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. ஆனால் இந்த முறையில் அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது.

பிரபுவின் கால அட்டவணையையே நம் வகுப்பில் இப்படிக் கிழித்துக் கொடுக்கலாம். கும்பகோணத்தில் கல்யாணம். ஒருத்தியிடம் ரயில் நேரம், ஒருவனிடம் பஸ் நேரம், இன்னொருத்தியிடம் கையிலிருக்கும் பணக் கணக்கு. முகூர்த்தம் காலை 9 மணிக்கு என்ற சீட்டு, கிரிக்கெட் பேசும் பையனிடம். சீட்டைக் காட்டக்கூடாது, ஆங்கிலத்தில் சொல்லத்தான் வேண்டும். திட்டமிடும்போது தமிழ் கலந்தால் பரவாயில்லை. எந்த வண்டியில் போவது, ஏன் என்று முடிவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பி ஆசிரியர் கேட்பார். மதிப்பெண் அவரவர் பதிலுக்கு. அந்தக் கிரிக்கெட் பையன் வாயைத் திறக்கும்வரை மற்ற மூவரும் டிக்கெட் எடுக்க முடியாது.