13 தேர்தல், ஒரே தொகுதி! மாணிக்குப் பிறகு பாலா என்ன செய்தது?

சட்டசபைக்கு ஒரு முறை போவதே பெரும்பாடு. ஒரே தொகுதியில் 13 முறை நின்று, 13 முறையும் ஜெயித்தவர் நம் அண்டை ராஜ்யமான கேரளத்தில் இருந்தார். அவர்தான் கே. எம். மாணி.

கோட்டயம் ஜில்லாவில், மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர் பாலா. ரப்பர் விவசாயிகள் நிறைந்த பகுதி. வக்கீலான மாணி 1965-ல் அங்கே ஜெயித்தார். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால் அந்தச் சபை கூடவே இல்லை! 1967-ல் மறுபடி ஜெயித்தார். 1970-ல் வெறும் 364 ஓட்டில் தப்பினார். 2019 ஏப்ரலில் கண் மூடும் வரை பாலாவின் உறுப்பினர் அவரே.

அணி மாறினார், ஊர் மாறவில்லை

1979-ல் கேரளா காங்கிரஸ் உடைந்தபோது மாணி தம் பெயரில் தனிப் பிரிவு கண்டார். 1980-ல் இடதுசாரி மந்திரிசபையில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே காங்கிரஸ் அணிக்குப் போனார். 2016-ல் அதையும் விட்டார், 2018-ல் திரும்பினார். பாலா ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை.

காரணம் என்ன? கேரளத்தில் இரு அணிகளும் ஏறக்குறையச் சமபலம். அங்கே சிறு கட்சியின் சில ஸ்தானங்களே தராசு முள். ஆகவே மாணிக்கு மந்திரி பதவி தேடி வந்தது. 13 பட்ஜெட் சமர்ப்பித்தார். ‘காருண்யா’ லாட்டரி லாபத்தில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி கிடைக்கச் செய்தார்.

விழுந்த அடி

பார் உரிமையாளர்களிடம் லஞ்சம் வாங்கியதாக 2014-ல் புகார் எழுந்தது. அவர் மறுத்தார். 2015 மார்ச் 13 அன்று சபையில் ஒரே ரகளை. சபாநாயகரின் நாற்காலியே தூக்கி எறியப்பட்டது! அதற்கு நடுவே பட்ஜெட்டை வாசித்தார். நவம்பரில் ஹைக்கோர்ட்டின் கண்டனத்துக்குப் பின் ராஜினாமா செய்தார். 2016-ல் அவர் ஜெயித்தது 4,703 ஓட்டில்தான்.

வாரிசு யார்?

அவர் மறைந்ததும் கட்சிக்குள் குத்துவெட்டு. நம் ஊருக்குப் பழக்கமான இரட்டை இலைதான் அங்கே அவர் கட்சியின் சின்னம். சண்டையில் அது கிடைக்காமல், 2019 செப்டம்பர் இடைத்தேர்தலில் கட்சி அபேட்சகர் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். 2,943 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர், 2016-ல் மாணியிடம் தோற்ற மாணி சி. காப்பன்.

2021-ல் மாணியின் மகன் ஜோஸ், இடதுசாரி அணியில் நின்றார். காப்பனோ அதற்குள் காங்கிரஸ் அணிக்கு வந்துவிட்டார். மகன் 15,378 ஓட்டில் தோற்றார். தகப்பனார் அணி மாறியபோது பொறுத்த ஊர், மகன் மாறியபோது பொறுக்கவில்லை!

அரை நூற்றாண்டு ஒருவரே உறுப்பினர் என்றால் ஊருக்குச் சலுகைகள் கிடைக்கலாம். ஆனால் அவர் நிழலில் இன்னொரு தலைவர் வளர்வது அரிது. வீட்டையும் தோட்டத்தையும் மகனுக்கு எழுதி வைக்கலாம். ஓட்டை எழுதி வைக்க முடியுமா?