கினிப் பன்றிகளைப் பிரிப்பதற்கு முன்

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவர் சென்ற மாதம் இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். கேலாங்கில் என் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளித்தான் அவர் வீடு. அங்கே இரண்டு ஆண் கினிப் பன்றிகள் இருக்கின்றன. பெயர் இட்லி, வடை. (பெயர் வைத்தது தங்கை.)

“டீச்சர், இட்லி எந்நேரமும் வடையைத் துரத்துது. மேல ஏறுது. பல்லை நறநறன்னு கடிக்குது. ஒண்ணை யாருக்காவது கொடுத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. எதைக் கொடுக்கலாம்?”

எதையும் கொடுக்காதே என்றேன். அதற்கான காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். முள்ளெலியும் சுகர் கிளைடரும் வளர்க்க சிங்கப்பூரில் அனுமதி இல்லை. கினிப் பன்றிக்கு அனுமதி உண்டு. அதனால் உங்களில் சிலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருக்கும்.

கினிப் பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை உணவுக்காக வளர்க்கத் தொடங்கினார்கள். இரண்டு விலங்குகள் ஒரே கூண்டில் இருந்தால், தீனிக்கு முதலில் யார், படுக்க நல்ல மூலை யாருக்கு என்று தீர்மானித்தாக வேண்டும். அவற்றுக்குப் பேச்சு கிடையாது. உடம்புதான் மொழி. தொண்டைக்குள் உர்ர்ர் என்று அதிர்ந்தபடி இடுப்பை ஆட்டி மெதுவாக நடப்பது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து வாசனையை விட்டுச் செல்வது, மூக்குக்கு மூக்கு நின்று தலையை உயர்த்துவது, மேலே ஏறுவது, கொஞ்ச தூரம் துரத்துவது எல்லாம் அந்த மொழியில் சேர்ந்தவை. பல் கடிப்பது “எட்டிப் போ” என்கிற எச்சரிக்கை. அதைக் கேட்டு மற்றது ஒதுங்கிவிட்டால் கடிக்கே வேலை இல்லை. நமக்குச் சண்டையாகத் தெரிவது பெரும்பாலும் சண்டையைத் தவிர்க்கும் ஏற்பாடு.

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் சாக்சர் என்ற விலங்கியலாளர் பல ஆண்டுகள் கினிப் பன்றிகளை ஆராய்ந்தார். ஆணும் பெண்ணும் கலந்த பெரிய கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள், முன்பின் தெரியாத வேறோர் ஆணைச் சந்தித்தபோது அதிகம் மோதிக்கொள்ளவில்லை. இளமையில் அப்படிப்பட்ட பழக்கம் கிடைக்காமல், ஒரு பெண்ணோடு மட்டும் வளர்ந்த ஆண்கள் கடுமையாகச் சண்டையிட்டன. தோற்றதன் இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் மிகவும் உயர்ந்தது. வளரும் பருவத்தில் மூத்த ஆண்களிடம் உதை வாங்கி, எப்போது விலகுவது என்று கற்றுக்கொண்டவை அமைதியாக வாழ்ந்தன. அடங்கிப் போவதுகூடப் பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை, பழக வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் என்னைக் கவர்ந்த செய்தி.

இப்போது என் சொந்தத் தவறு. ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னிடமும் இரண்டு ஆண்கள் இருந்தன. முதல் நாள் பல் கடிக்கும் சத்தம் கேட்டவுடனே பயந்து, ஒன்றைப் படுக்கையறையிலும் மற்றதைக் கூடத்திலும் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, மறந்திருக்கும் என்று நினைத்து, ஒன்றின் பழைய கூண்டிலேயே மற்றதையும் விட்டேன். மறந்துதான் இருந்தன, ஒன்றையொன்று! கூண்டு ஒன்றுக்குச் சொந்த இடம், மற்றது அந்நியன். காது கிழிந்து இரத்தம் வந்தது. நடுவில் கையை விட்டதால் என் கட்டைவிரலில் இன்றும் தழும்பு இருக்கிறது. (கையை விடாதீர்கள். தடித்த துண்டைப் போட்டுப் பிரியுங்கள்.) அதன் பிறகு கடைசிவரை இரண்டும் தனித்தனிக் கூண்டில்தான் வாழ்ந்தன. நான் அவசரப்படாமல் இருந்திருந்தால் அவற்றுக்குத் துணை இருந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பது 2008ஆம் ஆண்டு வந்த விலங்கு நல விதிகளின்படி தவறு. அந்த நாட்டுக்காரர்கள் அளவுக்கு மீறிப் போகிறார்கள் என்று முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கவும் கூடாது. இரத்தம் வந்தாலோ, இரண்டும் பந்துபோல் உருண்டு கடித்தாலோ, ஒன்று மற்றதைத் தின்னவே விடாவிட்டாலோ பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் வேறு அறைக்குக் கொண்டுபோகாமல், நடுவில் கம்பி வலை வைத்து, பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் முடிகிற தூரத்தில் வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாத கினிப் பன்றிக்கு மருத்துவர் தேவை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. “ஆணுக்குப் பதில் பெண்ணைத் துணையாகச் சேர்க்கலாமே” என்று யோசிப்பவர்களுக்கு: பெண் கினிப் பன்றி பிறந்து ஒரு மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். வீவக வீட்டில் எத்தனை கூண்டு வைப்பீர்கள்?

அந்த மாணவருக்கு நான் கொடுத்தது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். நார்வேயின் தோர்லீஃப் ஷெல்டெரப்-எபே சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்தவர். எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்துத்தான், கோழிகளிடையே வரிசை முறை இருப்பதை 1920களில் உலகுக்குச் சொன்னார். அவரைப்போல ஒரு வாரம் குறித்து வா என்றேன். நேரம், இடம், யார் தொடங்கியது, யார் விலகியது. “கெட்டவன்”, “பாவம்” என்ற சொற்களுக்கு மட்டும் தடை.

நோட்டைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. துரத்தல்களில் பெரும்பாலானவை மாலையில் காய்கறி வைக்கும் நேரத்தில், ஒரே கிண்ணத்தின் அருகில் நடந்திருந்தன. மற்றவை ஒற்றை வாசல் கொண்ட பிளாஸ்டிக் குடிலில். உள்ளே போன வடைக்கு வெளியேற வழி இல்லை. விலக நினைத்தாலும் விலக முடியாது. இப்போது கிண்ணம் இரண்டு, தண்ணீர்ப் புட்டி இரண்டு. குடிலுக்குப் பதில் இருபுறமும் திறந்த அட்டைப் பெட்டிகள், அதுவும் இரண்டு.

நேற்று விசாரித்தேன். இட்லி இன்னும் உறுமுகிறதாம். வடை பக்கத்துப் பெட்டி வழியாக நழுவிப் போய் உலர்புல் தின்கிறதாம். அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் நோட்டில் இரண்டு பக்கங்கள் அவர் கையெழுத்தில் இருக்கின்றன.